வெறும் தடுமமா, வேறு நோயா?



ஐப்பசி மழை பிடித்தால் பாபநாசம் முதல் சேரன்மகாதேவி வரை வீட்டுக்கு ஒருவர் இருமுவார். "தடுமம்தானே, தன்னால போயிரும்" என்போம். பெரும்பாலும் போய்விடும். போகாத இருமலும் உண்டு. பிரித்தறிவது எப்படி?

தடுமம்: மூக்கு ஒழுகும், தும்மல் வரும், காய்ச்சல் லேசாக இருக்கும். பிள்ளை பால் குடிக்கும், விளையாடும். பத்து நாளில் தானே தீரும். ஊசி வேண்டாம். பெரியவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி இதமாக இருக்கும்.

ஃப்ளூ: திடீரென்று கடுங்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலி. கர்ப்பிணிகளும் முதியவர்களும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நிமோனியா: பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிப் பாருங்கள். கணவர் கடிகாரம் பார்க்கட்டும், மனைவி மூச்சை எண்ணட்டும். ஒரு முழு நிமிடத்தில் 2 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்காமல் துவண்டாலும், உதடு நீலித்தாலும் 108-ஐ அழையுங்கள். "மாந்தம்" என்று மந்திரிக்கப் போய் ஓர் இரவைக்கூட இழக்காதீர்கள். 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் நிமோனியா தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

இரைப்பு: மூச்சு விடும்போது 'வீய்ங்' என்று சத்தம் கேட்கும். இரவிலும் விடியற்காலையிலும் அதிகமாகும். களத்துத் தூசி, பீடித் தூள், அடுப்புப் புகை இதைக் கிளப்பும். இது ஒட்டுநோய் அல்ல.

காசநோய்: இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மனைவிக்குக் காசம் என்றதும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை போய்விடுமே என்று இருமலை மறைத்த கணவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் தவறு. 1956-ல் சென்னையில் தொடங்கி 1959-ல் முடிவு வெளியான ஆய்வு உலகத்துக்கே வழிகாட்டியது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை. சாதாரணமாக ஆறு மாத மருந்து போதும். உடம்பு தேறியதும் பாதியில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காது.

ஆகவே, இருமுகிறவரை ஒதுக்காதீர்கள். கூடவே போய்ப் பரிசோதனை செய்து வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கவனித்தால் நோய் பாதி அடங்கும். மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும்.