பிணியாளர் பணிவிடை: பார்ப்பதும் கேட்பதும்

நோயுற்றவரைச் சென்று பார்ப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆனால், பார்த்துவிட்டுத் திரும்புவது வேறு; அருகிலேயே இருந்து பணிவிடை செய்வது வேறு. பின்னதற்கு அன்பு மட்டும் போதாது. கவனமும் நிதானமும் வேண்டும்; கேட்கத் தெரிந்த காதும் வேண்டும்.

இப்பணி நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5-ல் நடந்த அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது பின் முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளியில் இருந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். காயம்பட்டோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்வதையே அந்த அம்மையார் தம் தொண்டாகக் கொண்டிருந்தார்கள்.

நம் உறவினர் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வயிற்றில் ஆபரேஷன் செய்யப்பட்ட ஒரு பெரியவர். இரண்டாம் நாள் இரவு மகன், “வாப்பா, எப்படி இருக்கு?” என்று கேட்டார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் பெரியவர். மகன் நிம்மதியாகப் படுத்துவிட்டார். சற்று நேரத்தில் வந்த நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “தாத்தா, ஒரு தடவை நல்லா இருமிக் காட்டுங்க” என்றார். பெரியவரால் இரும முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். இருபத்தாறு! உடனே டாக்டருக்குச் சொல்லியனுப்பினார். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டதால், நுரையீரலில் சளி கட்டி நோய் தொடங்கியிருந்தது. தக்க நேரத்தில் அறிந்ததால் அல்லாஹ் காப்பாற்றினான்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது: “அல்ஹம்துலில்லாஹ்” என்பது இறைவனுக்குச் செலுத்தும் நன்றி, வலி இல்லை என்பதற்கான சான்று அன்று. வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானது என்று நம் பெரியவர்கள் பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. கடும் காய்ச்சலில் இருந்த பெருமானாரை (ஸல்) இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் காணச் சென்றபோது, இரண்டு பேர் படும் வேதனையைத் தாம் ஒருவரே படுவதாக அவர்களே தெரிவித்ததை புகாரியில் காண்கிறோம். ஆகவே, பொதுவாக நலம் கேட்பதோடு நிற்காமல், “எங்கே வலிக்கிறது? திரும்பிப் படுக்க முடிகிறதா? நேற்றைவிடக் கூடுதலா, குறைவா?” என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது: நோயாளியின் மறுப்புக்கு நாமாகப் பொருள் கற்பிக்கக் கூடாது. பெருமானார் (ஸல்) அவர்களின் நோயின்போது வீட்டார் வாயின் ஓரமாக மருந்து ஊற்றினார்கள். வேண்டாமென்று அவர்கள் சைகை செய்தும், நோயாளிக்கு மருந்தின் மேலுள்ள வெறுப்பு என்று எண்ணிக்கொண்டார்கள். தெளிவு வந்ததும், தாம் தடுத்தும் ஏன் செய்தீர்கள் என்று அவர்கள் கடிந்துகொண்டதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். “கிழவருக்குப் பிடிவாதம்” என்று நாம் ஒதுக்கித்தள்ளும் சொல்லில் ஒரு காரணம் இருக்கலாம். அதைக் கேட்டறிவது நம் கடமை.

மூன்றாவது: தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தோரைக் கேட்டார். கூடாதென்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். இதை அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் மிகவும் சினந்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். இது அபூதாவூதில் உள்ளது. மார்க்கச் சட்டமானால் ஆலிமையும், உடல்நிலையானால் டாக்டரையும் கேட்பதில் வெட்கம் என்ன?

செவிலியர் கல்வியிலும் இதே வழிதான் கற்பிக்கப்படுகிறது. கிறிஸ்டீன் டானர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 2006-ல் செவிலியரின் தீர்மானத்தை நான்கு படிகளாக வகுத்தார்: கவனித்தல், பொருள் அறிதல், செயல்படுதல், செய்ததை மீண்டும் எண்ணிப் பார்த்தல். வீட்டில் பணிவிடை செய்வோருக்கும் இது பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை சில: ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 25-ம் அதற்கு மேலும் போனால் தாமதிக்கலாகாது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடக் கூடாது. பிரிட்டனில் மருத்துவர்கள் பயன்படுத்தும் எச்சரிக்கை அட்டவணையில், புதிதாக ஏற்படும் குழப்பத்தை அபாய அறிகுறியாக 2017-ல் சேர்த்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் பேசும்போது பதறாமல் நான்கைச் சொல்லுங்கள்: இப்போது என்ன நேர்ந்தது, முன்பிருந்த நோயும் மருந்துகளும் எவை, நாம் கண்டதும் எண்ணியதும் என்ன, அவரிடம் நாம் வேண்டுவது என்ன. அவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மருந்து முறையைச் சொன்ன பிறகும், “விளங்கியதா?” என்று கேட்காமல், “எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். முன்னதற்குத் தலையாட்டிவிடுவார்; பின்னதில்தான் உண்மை வெளிப்படும்.

நோயாளியின் உடல் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத்து. இன்றிரவே உங்கள் வீட்டில் படுத்திருக்கும் பெரியவரின் அருகில் சற்று உட்காருங்கள். அவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொன்ன பிறகும் எழுந்துவிடாமல், இன்னொரு கேள்வி கேளுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், பணிவிடை செய்வோருக்கு நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.