மானியம்: தறிக்காரர் வீட்டில் படிக்க வேண்டிய சொல்

சென்னிமலையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் வீட்டில் தறி உண்டு. ‘மானியம்’ அவர்களுக்குத் தினப்படிப் பேச்சு. ஆனாலும் பரீட்சையில் ‘அரசு தரும் இலவசம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால் பாடப்புத்தக வரையறையை நான் முதலில் எடுப்பதில்லை. பழைய நிலப் பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

கோயிலில் விளக்கேற்றுபவர், மேளம் வாசிப்பவர், ஊர்வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு வரியைத் தள்ளியோ குறைத்தோ விட்ட நிலம்தான் அன்றைய மானியம். சொல் வடமொழியிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்று பொருள். செய்த வேலைக்கு ஊர் செய்த மரியாதை அது. தறிக்காரர் மானியம் வாங்குவதைக் கைநீட்டுவதாகப் பேசுவோருக்கு இதை அழுத்திச் சொல்வேன். மானியத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சப்சிடி என்பதன் லத்தீன் மூலமோ போர்க்களத்துச் சொல்: முன்வரிசை தளரும்போது கைகொடுக்கப் பின்னால் காத்திருக்கும் படை.

வேர்ச்சொல் மனத்தில் பதியத்தான் உதவும். இன்றைய பொருளைக் கணக்கில்தான் தேட வேண்டும். அரசின் பணம் எங்கே போகிறது, யாருக்கு ஆதாயம் என்று கேட்கச் சொல்வேன். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம், வரவேண்டிய வரியை அரசு வசூலிக்காமல் விட்டாலும் மானியம் என்றே கொள்கிறது. அந்தப் பழைய நிலமும் அப்படித்தானே!

ஒருமுறை ஒரு மாணவி, பெட்ஷீட் வாங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து ரசீதை நீட்டி, “டீச்சர், இந்தத் தள்ளுபடியும் மானியந்தானுங்களா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. விலை குறைவது வாங்குபவருக்கு. குறைந்த தொகையை அரசு சங்கத்துக்கு ஈடுகட்டுகிறது. சரக்கு நகர்ந்தால்தான் தறியில் அடுத்த பாவு ஏறும், நெசவாளருக்குக் கூலி கிடைக்கும். ஆக, மானியம்தான். ஆனால் அரசுப் பணம் வந்துசேரும்வரை சங்கத்தின் முதல் முடங்கிக் கிடக்கும். இது பாடத்தில் வராது. இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். அந்தக் கட்டணத்தை அரசு மின்வாரியத்துக்குத் தருவதால் அதுவும் மானியம். நூற்பாலைகள் உள்நாட்டுக்கு அனுப்பும் நூலில் 30 சதவீதத்தைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டமாகக் கட்டித்தர வேண்டும் என்ற விதியோ மானியம் இல்லை. சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை. தறிக்கு இவை பெரிய துணைதான். ஆனால் இவற்றில் அரசின் கல்லாவிலிருந்து காசு போகவில்லை, வரவேண்டிய வரியையும் அரசு விட்டுக்கொடுக்கவில்லை. எது மானியம் இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே சொல் வசப்பட்டது என்பேன்.

உங்கள் வீட்டிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால், கரண்ட் பில்லையும் சங்கத்து ரசீதையும் கையில் கொடுத்து, மானியம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப்பார்க்கச் சொல்லுங்கள்.