அப்பா சேர்த்த காசு மேசைக்கு வரும்போது

பழைய நாணய வியாபாரத்துக்கு வரும் இளைஞர்கள் எந்தக் காசு என்ன விலை என்பதைத்தான் முதலில் கற்க நினைக்கிறார்கள். அது நான்கைந்து ஆண்டுகளில் கைக்கு வந்துவிடும். அதைவிடக் கடினமான பாடம் முதல் மாதமே எதிரில் வந்து உட்காரும். மஞ்சள் பைக்குள் பழைய பிஸ்கட் டப்பா, அதை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. "எங்க வீட்டுக்காரர் சேத்து வச்சது. எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்களே பாத்து ஒரு விலை சொல்லுங்க."

மற்ற கடைகளில் விற்பவருக்குப் பொருளைப் பற்றித் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இங்கே தலைகீழ். டப்பாவில் என்ன இருக்கிறது என்பது வாங்கப்போகும் உங்களுக்குத்தான் தெரியும். அந்த அம்மாவின் அறியாமை உங்கள் லாபக் கணக்கில் சேரக்கூடாது. இன்ன விலைக்கு விற்பேன், இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்று அவரிடமே சொல்லக்கூடிய இடைவெளி எதுவோ, அதுதான் உங்கள் லாபம். வாய்விட்டுச் சொல்லக் கூசும் லாபத்தைத் தொடாதீர்கள்.

விலைக்கு முன்னால் உரிமையைக் கேளுங்கள். இந்துக் குடும்பத்தில் ஒருவர் தாமே சம்பாதித்துச் சேர்த்ததை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. மற்ற சமயத்தாருக்குச் சட்டம் வேறு, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மூத்த மகன் மட்டும் தனியாக டப்பாவோடு வந்தால், வாரிசுச் சான்றிதழின் நகலையும் மற்றவர்களின் சம்மதக் கடிதத்தையும் கேளுங்கள். கட்டிக்கொடுத்த தங்கைக்குத் தெரியாமல் வாங்கிய காசு நாளை உங்கள் கடை வாசலில் சண்டையாக வந்து நிற்கும். பதினாறாம் நாள் காரியம் முடியாத வீட்டில் விலை பேசவே பேசாதீர்கள்.

அடுத்து மேசை. எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது, எல்லா நம்பிக்கையும் இங்கேதான் பிறக்கிறது. டப்பாவை உள்ளறைக்கு எடுத்துப் போகாதீர்கள். அவர் கண்முன்னே ஒரு துணியை விரித்துக் கொட்டுங்கள். முதலில் எண்ணி, எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு பிரியுங்கள். வெள்ளி தனி, நிக்கல் தனி, செம்பு தனி.

வெள்ளி ரூபாய் என்று வீட்டார் சொல்வதெல்லாம் ஒரே வெள்ளி அல்ல. பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1939 வரை அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, கிட்டத்தட்ட 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். புலி உருவத்தோடு வந்த 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை. அது சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஒட்டிக் காட்டுங்கள். தராசில் வைத்து எடையை அவரையே படிக்கச் சொல்லுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். பாதி வெள்ளிக் காசை முழு வெள்ளி என்று நம்பி வந்தவருக்கு ஏமாற்றம் வரும், ஆனால் உங்கள் மேல் சந்தேகம் வராது. இதையே திருப்பிப் போட்டு, முழு வெள்ளியைப் பாதி வெள்ளி விலைக்கு எடையில் அள்ளுபவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

எடைக்கு எடுப்பதற்கு முன் ஒவ்வொரு காசின் ஆண்டையும் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அந்தக் காசைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். உருக்கலுக்குத் தப்பிய காசுக்கு வெள்ளி விலையைத் தாண்டிய மதிப்பு உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அதைவிட அரிது. விக்டோரியாவின் 1862 ரூபாயோ, அதே ஆண்டு எண்ணைத் தாங்கிப் பல ஆண்டுகள் அச்சானது. உண்மையில் எந்த ஆண்டு என்பதைப் பின்பக்கத்துப் புள்ளிகளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். புள்ளியை எண்ணாமல் எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்வது சோம்பல். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது மோசடி.

குவியலில் இருக்கும் மிகச் சிறந்த காசை முதலில் எடுத்துக் காட்டுங்கள். "அம்மா, இருக்கறதுலயே உசத்தி இதுதான். இத தனியா வைங்க. இதுக்குத் தனி விலை." இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நேர்மையின் முதல் அடையாளம் இதுதான். நல்ல காசைப் பார்த்தும் முகம் மாறாமல் மற்றவற்றோடு தள்ளிவிட்டு, மொத்தத்துக்கு ஒரு தொகை சொல்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். சாதாரணக் காசு ஒன்றுக்கு எதிர்பாராத விலை கொடுத்து நம்ப வைத்து, மற்றதை அடிமாட்டு விலைக்கு எடுப்பது இன்னொரு வகை. இரண்டையும் கற்காதீர்கள்.

கெட்ட செய்தியையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். 1939 ரூபாய் என்று வருவனவற்றில் 1938-இன் எட்டை ஒன்பதாகச் செதுக்கியவை உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் லென்ஸை அவர் கையில் கொடுத்து, செதுக்கிய இடத்தைக் காட்டிவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுங்கள். போலி என்று சொன்ன காசை நீங்களே மலிவாக வாங்காதீர்கள். "பொய் சொல்லிப் பிடுங்கிக்கொண்டான்" என்ற பேச்சுக்கு அதுவே வாசல். இன்னொருவரிடமும் காட்டச் சொல்லி அனுப்புங்கள். 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் போட்டு, ராமர் அல்லது அனுமார் உருவத்தோடு வரும் செம்புத் துண்டுகளை லட்சம் பெறும் என்று நம்பிப் பூஜையறையில் வைத்திருப்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அச்சிடவே இல்லை. ஓட்டைக் காலணாவும் அப்படித்தான் ஆசை காட்டும். 1943 முதல் ஏராளமாக அச்சான காசு அது. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏமாற்று வேலை பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. தாங்கள் இப்படிப்பட்ட வேலையில் ஈடுபடுவதில்லை, தங்கள் பெயரில் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்றும் சொன்னது. இதை உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் அடுத்த வலையில் விழாமல் தப்பும்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. விற்கப் போகிறோம் என்றதும் செம்பைப் புளி போட்டும் வெள்ளியை விபூதி போட்டும் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வருவார்கள். காலம் ஏற்றிய நிறம் போய்விட்டால் சேகரிப்பாளர் பாதி விலைக்கும் கேட்க மாட்டார். வருவதாகத் தொலைபேசியில் சொல்லும்போதே "ஒண்ணையும் கழுவாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். என் கணக்கு இது. உருக்கு விலைக்கு மட்டுமே போகும் வெள்ளிக்கு, அன்றைய சந்தை விலையில் சிறு கழிவு போதும். ஆள் காத்திருக்கும் அரிய காசுக்கு, நீங்கள் விற்கப்போகும் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கொடுங்கள். ஆல்பத்தில் ஆண்டுக்கணக்கில் தூங்கப்போகும் காசுக்குப் பாதிதான் கட்டுப்படியாகும்; காரணத்தைச் சொல்லியே பாதி கொடுங்கள். உங்கள் கைப்பணத்துக்கு மீறிய காசு வந்தால் ஏலத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், அல்லது விற்றுத் தந்து கமிஷன் எடுங்கள். மதிப்பிடக் கட்டணம் வாங்கினால் அந்தத் தொகுப்பை வாங்காதீர்கள். ஒரே ஆள் நீதிபதியாகவும் வாதியாகவும் இருக்க முடியாது. விலைப்பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, ஒரு வாரம் செல்லும் என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்புங்கள். இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்று நெருக்குபவரை எந்த வீடும் இரண்டாம் முறை நம்பாது.

பணத்தை வங்கி வழியே கொடுங்கள். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம், ரொக்கத்தை வாங்கியவர் மேல் அதே தொகைக்கு விழும். ரொக்கம் கொடுத்து அந்த அம்மாவை மாட்டிவிடாதீர்கள்.

நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவே முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகன் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பும் முன் இதை அவரிடம் சொல்லுங்கள். மண் ஒட்டிய காசு ஒரு குடத்தோடு வந்து, அதற்குத் தாத்தா சொத்து என்று பெயர் சொன்னால் தொடாதீர்கள். நிலத்தில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-லிருந்து சட்டம்.

இவ்வளவு கவனித்தும் தவறு நேரும். வாங்கி வந்த குவியலை இரவில் விளக்கடியில் பிரிக்கும்போது, காலையில் நீங்கள் கவனிக்காத ஒரு புள்ளி கண்ணில் படும். இருநூறுக்கு எடுத்த காசு இருபதாயிரம் பெறும் என்று தெரியும். விற்றவருக்கு அது தெரியப்போவதே இல்லை. ரசீதில் அவருடைய தொலைபேசி எண் இருக்கும். மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணுக்குப் பேசுங்கள். மீதிப் பணத்தைக் கொடுங்கள்.