வாழைக் கறையும் பின்னல் நூலும்

தொட்டியம், முசிறி பக்கம் கோடைக்காற்றில் வாழை சாய்ந்தால் வீட்டுக்கு வீடு தண்டும் பூவும் வந்துவிடும். பின்னல் வேலை செய்கிறவர்கள் அந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும். வாழைக் கறை வெள்ளை நூலில் பட்டால் பழுப்பேறிவிடும், துவைத்தாலும் லேசில் போகாது. பூ ஆயுமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே குரோஷா ஊசியைத் தொடுங்கள்.

மடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு பூவிலும் நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் எடுத்துவிட வேண்டும். நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. தண்டை வட்டமாக நறுக்கும்போது வருகிற நாரை விரலில் சுற்றி எடுங்கள்; பாசிப்பருப்புக் கூட்டுக்கு இளந்தண்டுதான் ருசி.

உரித்த மட்டையையும் வீணாக்க வேண்டாம். நாராகக் கிழித்து நிழலில் காயவையுங்கள். பின்னுமுன் தண்ணீர் தெளித்தால் நார் வளைந்து கொடுக்கும், ஒடியாது. பெரிய கொக்கியுள்ள தடித்த ஊசிதான் இதற்குச் சரி. முதலில் சட்டி வைக்க ஒரு பிரிமணை பின்னிப் பாருங்கள்: சூடு தாங்கும், கடைப் பிளாஸ்டிக்கைவிட எனக்கு இதுவே பிடிக்கும். ஐப்பசி மழையில் நார் பூசணம் பிடிக்கும் என்பதால் வெயில் காலத்திலேயே காயவைத்துச் சேர்த்துவிடுங்கள்.

நார் பிரிப்பதை முறையாகக் கற்க விரும்பினால், 1993-இல் தொடங்கப்பட்ட திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.