கால் வீங்கினால் எந்த நீர் மாத்திரை?

போன கத்திரி வெயிலில் திருப்புலிவனம் போயிருந்தேன். பெரியம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கணுக்காலும் உப்பியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது, மேலெழ நேரம் பிடித்தது. “நீர் கோத்துக்கிச்சுப்பா. எதிர்வீட்டு அக்கா அவங்க மாத்திரையிலேர்ந்து ரெண்டு குடுத்தாங்க. போட்டேன், வடியவே மாட்டேங்குது” என்றார்.

அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். ஃபுரோசமைடு 20 மி.கி., ஸ்பைரனோலாக்டோன் 50 மி.கி. எதிர்வீட்டு அத்தைக்கு இதயம் பலவீனம். அவருக்கு அது தேவையான மருந்து. பெரியம்மாவின் வீக்கத்துக்குக் காரணம், ரத்த அழுத்தத்துக்காக அவர் தினமும் போடும் அம்லோடிபின் என்று உத்திரமேரூரில் பார்த்த மருத்துவர் சொன்னார். அது ரத்தக் குழாயை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. நீர் மாத்திரைக்கு அந்த வீக்கம் சரியாக மசியாது. அம்லோடிபின் அளவைக் குறைப்பார்கள், டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள்.

எனவே எந்த மாத்திரை என்று கேட்கும் முன் ஏன் வீக்கம் என்று கேட்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் எழும்போது முகமும் இமையும் வீங்கியிருந்தால் சிறுநீரகம். வயிறு உப்பிக் கால் வீங்கினால் கல்லீரல். ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஊரில் எல்லாவற்றுக்கும் ‘நீர் மாத்திரை’ என்று ஒரே பெயர். உள்ளே இரண்டு சாதி இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு, டோர்செமைடு ஆகியவை உப்போடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ஸ்பைரனோலாக்டோன், அமிலோரைடு, ட்ரையாம்டெரின் ஆகியவை பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சேர்த்துச் செய்ததுதான் கூட்டு மாத்திரை.

வீக்கம் இல்லாமல் ரத்த அழுத்தம் மட்டும் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற தயசைடு வகையே போதும், அதுவும் சிறிய அளவில். சர்க்கரை நோயோ, யூரிக் அமிலத்தால் மூட்டுவீக்கமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை இரண்டையும் கூட்டும். தயசைடோடு அமிலோரைடு சேர்ந்த கூட்டுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2015-இல் பிரிட்டனில் வெளியான பாத்வே-3 ஆய்வில், இரண்டையும் பாதிப் பாதி அளவில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் கூடுதலாக இறங்கியது, சர்க்கரையும் ஏறவில்லை. பொட்டாசியம் குறைந்துபோகிறவர்களுக்கு இதுவே என் தேர்வு.

இதயமோ கல்லீரலோ காரணமாக உடம்பில் உண்மையிலேயே நீர் சேர்ந்திருந்தால், ஃபுரோசமைடு அல்லது டோர்செமைடோடு ஸ்பைரனோலாக்டோன். கல்லீரல் சுருக்கத்தில் வயிற்று நீருக்கு மருத்துவர்கள் பின்பற்றும் விகிதம் 100-க்கு 40. எதிர்வீட்டு அத்தையின் 50-க்கு 20-உம் அதே விகிதம்தான். ஆனால் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் கூட்டு மாத்திரையில் வழியில்லை. ஆரம்பத்தில் தனித்தனியாகப் போட்டு, அளவு நிலைத்த பிறகு கூட்டுக்கு மாறுவதே நல்லது. அரசு மருத்துவமனையில் இரண்டு மாத்திரையாகத் தந்தால் குறைவாக நினைக்க வேண்டாம். ஸ்பைரனோலாக்டோன் போடும் ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். கூச்சப்படாமல் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

எனக்குப் பெரிய பயம் பொட்டாசியம் ஏறுவதில்தான். ஏறுவது வெளியில் தெரியாது. திடீரென்று இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு, கடும் இதயச் செயலிழப்பில் ஸ்பைரனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. உடனே எல்லோருக்கும் எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், ஏற்கெனவே இதய மருந்து எடுத்துக்கொண்டிருந்த முதியவர்களில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். உயிர் காத்த அதே மருந்துதான், கண்காணிப்புதான் குறைந்துபோனது.

நம் ஊரில் இந்த ஆபத்து பழக்கமான பொருள்களில் வருகிறது. கத்திரியில் தினம் இரண்டு இளநீர். ஓர் இளநீரில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. கூடவே எனலாப்ரிலோ டெல்மிசார்டனோ போட்டால் பொட்டாசியம் மேலும் ஏறும். அதற்குமேல் மூட்டுவலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் தாங்காது. நாற்று நடவு முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஊசி போடுகிறவரிடம் முதலில் நீர் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெண்கள் வெளியே சொல்லாத சங்கடம் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டிய நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடமில்லை, பாவம், வேறென்ன செய்வார்கள்? ஃபுரோசமைடு ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். அன்றைக்கு மட்டும் வீடு திரும்பியதும் போடலாமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் போட்டால் தூக்கம் கெடும். ராத்திரி இருட்டில் எழுந்து நடந்து விழுகிறவர்கள் உண்டு.

வாந்தியும் பேதியுமாக இருக்கும் நாளில் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இதய நோயாளிகள் தினம் காலையில் எடை பார்ப்பது நல்லது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்கக் கூடாது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறையாமல் எந்த மாத்திரையும் முழுதாக வேலை செய்யாது.

நீர் மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை, ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை தேவை. சீட்டில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுத வையுங்கள்.