கைப்பேசியில் தமிழ் எழுதுவோம்



சென்ற ஆண்டு நாம் செய்த பிழை ஒன்றை முதலில் கூறிவிட வேண்டும். ‘சனிக்கிழமை கலை நிகழ்ச்சி, 7 மணி’ என்னும் அறிவிப்பைப் பெற்றோர் புலனக் குழுவிற்கு அனுப்பினோம். அவசரத்தில் அதனை ஆங்கில எழுத்துகளால் தட்டிவிட்டோம். ‘கே, ஏ, எல், ஏ, ஐ’ என்னும் ஐந்து எழுத்துகளை ஒரு தாயார் ‘காலை’ என்று படித்தார். பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வந்தவர், உறங்காமல் மகளுக்கு நடன உடை உடுத்தி, காலை ஏழு மணிக்குப் பூட்டிய பள்ளி வாயிலில் வந்து நின்றார். நிகழ்ச்சி மாலையில் நடந்தபொழுது அவர் மீண்டும் வேலைக்குச் சென்றுவிட்டார். மகள் ஆடியதை அவர் காணவில்லை. ‘மாலை’ என்ற சொல்லை நாம் சேர்க்காததும் குற்றமே.

அந்த ஐந்து எழுத்துகளைக் கலை என்றும் படிக்கலாம். காலை, களை, காளை என்றும் படிக்கலாம். குறில் நெடில் வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் அவற்றில் மறைந்துவிடுகின்றன. பெரியோர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். இப்பொழுதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை என் செய்யும்? ‘நான் பல்லிக்குச் சென்றேன்’ என்று எழுதும் மாணவனைக் கடிந்துகொள்வதற்கு முன், அவன் வீட்டில் எத்தகைய தமிழை நாள்தோறும் பார்க்கிறான் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

இவ்வழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததன்று. பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லை. தமிழில் வந்த செய்தி வெறுங்கட்டங்களாகத் தோன்றும். மேலும், ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும்; தமிழாயின் 70 குறிகளே அடங்கும். ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கருவிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே தமிழில் எழுதினால் செய்தி இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்து, செலவும் கூடிற்று. இன்று புலனத்தில் அந்தத் தடை இல்லை. தடை நீங்கிய பின்னும் பழக்கம் நிற்கிறது!

இத்தடையை நீக்க உழைத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவர் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனாரின் மைந்தர் முத்து நெடுமாறன், 1985-ஆம் ஆண்டிலேயே கணினிக்கென ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கு அவர் அமைத்த ‘செல்லினம்’ 2005-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. 2013-இல் ஐபோன் கருவிகளிலேயே ‘அஞ்சல்’, ‘தமிழ் 99’ என்னும் இரு விசைப்பலகைகள் இடம்பெற்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போர் செல்லினத்தை இலவசமாகப் பெறலாம்; கூகுளின் ஜிபோர்டிலும் தமிழ் உண்டு. விலை மிகுந்த கருவி இதற்கு வேண்டுவதில்லை.

இரு விசைப்பலகைகளுள் மாணவர்களுக்குத் தமிழ் 99-ஐயே நாம் பரிந்துரைப்போம். தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட முறை அது. இடப்புறம் உயிர், வலப்புறம் பெரும்பாலும் மெய்யெழுத்து வரிசைகள். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றைக் கொண்டே 247 எழுத்துகளும் பிறக்கின்றன. வகுப்பில் நாம் கரும்பலகையில் கற்பிக்கும் உயிர்மெய்ப் புணர்ச்சியே இங்கு விரல்நுனியில் நிகழ்கிறது. அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வரும். ஒரே எழுத்து இரட்டித்தால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். ப, ந, த, உ என்று தட்டினால் ‘பந்து’. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வருவதால் அங்கும் புள்ளி தானே விழும். க, ல, ஐ என்பது கலை. க, ஆ, ல, ஐ என்பது காலை. இங்கே மயக்கத்திற்கு இடமே இல்லை.

ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய பெற்றோர்க்கு அஞ்சல் முறை எளிது. ஒலிக்கேற்ப ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும்; ‘ஆ’ என்னும் நெடிலுக்கு ‘ஏ’யை இருமுறை தட்டலாம். தட்டவே இயலாதோர் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசலாம். தமிழைத் தெரிவுசெய்திருந்தால் கருவியே எழுதிக்கொள்ளும். ஆனால் அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் தோட்டத்துப் பேச்சு அதற்குச் சில வேளைகளில் விளங்குவதில்லை. நாம் ‘கித்தா மரம்’ என்றால் அது வேறெதையோ எழுதிவைக்கிறது.

அந்தத் தாயாரிடம் நாம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தோம். அவர் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்; தமிழை நன்கு எழுதுவார். கைப்பேசியில் தமிழ் வரும் என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. அன்று அவருடைய மகளே விசைப்பலகையை அமைத்துத் தந்தாள். மறுநாள் அவரிடமிருந்து, ‘ஐயா, இந்த வருசம் தேதியை முன்னாடியே சொல்லுங்க, லீவு கேட்கணும்’ என்று தமிழெழுத்தில் செய்தி வந்தது.

இவ்வாண்டு முதல் பள்ளி அறிவிப்புகள் யாவும் தமிழெழுத்திலேயே வரும். காலையா மாலையா என்பதும் குறிக்கப்படும். விசைப்பலகை அமைக்கத் தெரியாத பெற்றோர் பள்ளி முடியும் வேளையில் கைப்பேசியுடன் அலுவலகத்திற்கு வரலாம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் அமைத்துத் தருவார்கள்.