கீறினது காணேல்லையோ, தங்கச்சி?

போன கிழமை இரவு பதினொரு மணிக்கு என்ர தங்கச்சி வட்ஸ்அப்பில குரல் அனுப்பினாள். "அக்கா, பென்சில் கீறுதில்லை. டேப்லெட் செத்துப்போச்சு போல." விடிஞ்சா ஒரு சாமத்தியவீட்டுக் கார்ட் அச்சகத்துக்குப் போகவேணும். நிறைகுடத்துக்கு மாவிலை கீறுறது மட்டும்தான் மிச்சம். நான் கேட்டது ஒண்டுதான்: "கோட்டுக்கு என்ன நிறம் வச்சிருக்கிறாய்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு அசட்டுச் சிரிப்பு.

டேப்லெட்டுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் இங்க்ஸ்கேப் எண்ட மென்பொருளில கீறின கோடெல்லாம் தாளிலதான் கிடந்தது, நிறம்தான் இல்லை. குடத்துக்கு மஞ்சள் ஊத்தேக்க வெளிக்கோட்டை எடுத்துவிட்டிருக்கிறாள். கடைசியாப் பாவிச்ச அமைப்பையே எடு எண்டு பென்சிலுக்குச் சொல்லியும் வச்சிருக்கிறாள். பென்சில் சொன்னதைக் கேட்டிருக்கு, அவ்வளவுதான்.

அதால முதல் வேலை, கோடு உண்மையா இல்லையோ, இருந்தும் தெரியேல்லையோ எண்டு பார்க்கிறது. இங்க்ஸ்கேப்பில கொன்ட்ரோலையும் ஏயையும் சேர்த்து அமத்திப்போட்டு, தெரிவு செய்யிற அம்புக்குறிக்குப் போ. வெறுந்தாள் எண்டு நினைச்ச இடத்தில புள்ளிக்கோட்டுப் பெட்டி வந்தா கோடு இருக்கு. ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்கைத் திறந்து ஸ்ட்ரோக்குக்கு ஒரு நிறம் குடு. பென்சிலை எடுத்த உடனே மேல்பட்டையின்ர வலது ஓரத்தைப் பார்க்கப் பழகினா இந்தக் கரைச்சலே வராது; அடுத்த கோடு எந்த நிறத்தில விழும் எண்டதை அங்க இருக்கிற சின்னப் பெட்டி காட்டும். பென்சில் படத்தை ரெண்டுதரம் கிளிக் பண்ணினா அமைப்புப் பக்கம் திறக்கும். அங்க பென்சிலுக்குச் சொந்த நிறத்தை வச்சுவிடு.

பெட்டியும் வரேல்லையெண்டா லேயரைப் பார். பூட்டுப் போட்டிருப்பாய், இல்லாட்டி கண்ணை மூடியிருப்பாய். அதைக் கீழ்ப்பட்டையில ஒரு வரியில எழுதியே காட்டுது. நாங்கள்தான் அந்தப் பக்கம் தலையைத் திருப்புறேல்லை.

ஜிம்ப்பிலயும் கிரிட்டாவிலயும் கதை வேறை. முன்னம் எங்கேயோ தெரிவு செய்த ஒரு சின்னத் துண்டு மூலையில கிடக்கும். அதுக்கு வெளியில நீ எவ்வளவு கீறினாலும் ஒண்டும் விழாது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூண்டையும் அமத்தினா ரெண்டிலயும் அந்தத் தெரிவு போயிடும். கிரிட்டாவில இன்னொரு கள்ளன் இருக்கிறான், ஈ எண்ட எழுத்து. இடக்கை தவறி அதில பட்டா தூரிகை அழிறப்பராகிடும். வெறுந்தாளில அழிறப்பர் தேய்ச்சா என்ன தெரியப்போகுது? இன்னொருக்கா ஈயை அமத்து, திரும்பிவரும். ஜிம்ப்பில பென்சில் கோடு பல்லுப்பல்லாத் தெரிஞ்சா அது பழுதில்லை. அந்தப் பென்சிலே ஓரம் மெதுவாக்காமல் கீறுறதுக்குச் செய்தது. மெதுவான ஓரம் வேணுமெண்டா பெயின்ட்பிரஷை எடு.

இனி, என்னை ஒருநாள் அழவச்ச விசயம். இலஸ்ட்ரேட்டர் பழகின புதிசு. கும்பத்தில ஐஞ்சு மாவிலை. முதல் இலை நல்லா வந்திட்டுது, நடு நரம்பு வரைக்கும் வடிவு. ரெண்டாவது இலையை அதோட ஒட்டித் தொடங்கி, கையை எடுத்தா முதல் இலை இல்லை! திருப்பிக் கீறினன். திருப்பியும் விழுங்கிச்சுது. வைரஸ் எண்டு நினைச்சுக் கொம்பியூட்டரையே நிப்பாட்டிப்போட்டுப் படுத்தன். விசயம் என்னெண்டா, இப்பதான் கீறின கோடு தெரிவிலேயே நிக்கும். அதுக்குக் கிட்ட நீ அடுத்த கோட்டைத் தொடங்கினா, பழையதைத் திருத்துறாய் எண்டு அது விளங்கிக்கொள்ளும். பென்சிலை ரெண்டுதரம் கிளிக் பண்ணி "எடிட் செலக்டட் பாத்ஸ்" எண்டதில இருக்கிற சரியை எடுத்துவிடு. முடிஞ்சுது. ஒரு சரியாலை ஒரு இரவு நித்திரை போனது எனக்கு.

அடுத்தது, "அக்கா, நான் கீறினது ஒண்டு, விழுந்தது ஒண்டு" எண்ட முறைப்பாடு. இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்தவேணும். நீ பேனையை இழுக்கேக்க கொம்பியூட்டருக்குப் போறது கோடில்லை, கனக்கப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குக் கிட்டக் கிட்டப் போற மாதிரி சில வளைவுகளைப் பொருத்தி, மிச்சப் புள்ளிகளை எறிஞ்சுபோடும். எப்பிடிப் பொருத்துறது எண்டு பிலிப் ஷ்னைடர் எண்டவர் 1990 இல எழுதி வெளியிட்ட வழியை வச்சுத்தான் இங்க்ஸ்கேப் இண்டைக்கும் அந்த வேலையைச் செய்யுது. புள்ளியை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம் எண்டு நீ குடுக்கிற அனுமதிதான் ஸ்மூதிங். எண் கூடினா அனுமதி கூடும், வளைவுகள் சந்திக்கிற கணு குறையும், கோடு வழுவழுப்பா வரும். கூரும் போயிடும். மாவிலையின்ர நுனி பெருவிரல் மாதிரி மழுங்கும். தேங்காய்க் குடுமி கீறினா பஞ்சு மிட்டாய் வரும்.

அதால குடத்தின்ர வயிற்று வளைவுக்கு 40, 50 எண்டு வச்சுக் கீறு. இலைக்கும் குடுமிக்கும் 10 க்குக் கீழ இறக்கு. எண்ணை மாத்தப் பஞ்சியெண்டா படத்தைப் பெரிசாக்கி வச்சுக் கீறு. அந்த அனுமதி திரையில தெரியிற அளவுக்குத்தான், பெரிசாக்கினா அதே எண்ணிலேயே நுணுக்கம் கூடும். கீறின பிறகு கணு மெத்திப்போச்செண்டா கொன்ட்ரோலும் எல்லும். ஆனா கெதிகெதியா நாலு தரம் அமத்தாதை. அடுத்தடுத்து அமத்த அமத்த அது மூர்க்கமாகிப் படத்தையே உருக்கிப்போடும். கோரல் ட்ரோக்காரருக்கு ஒரு வித்தை: ஃப்ரீஹாண்டில கோடு பிழைச்சா கையை எடுக்காமல் ஷிஃப்டை அமத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போ, பிழைச்ச துண்டு மட்டும் அழியும்.

எல்லாக் கோட்டையும் வழுவழுப்பாக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கிறேல்லை, அதையும் சொல்லிப்போடுறன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிற ஓவியர் தா. சனாதனன் 2011 இல "இன்கம்ப்ளீட் தோம்பு" எண்டு ஒரு புத்தகம் கொண்டுவந்தவர். இடம்பெயர்ந்த சனம் தாங்கள் விட்டுப்போன வீட்டை ஞாபகத்தில இருந்து கையால கீறின வரைபடங்கள் அதில இருக்கு. அதே வீட்டைக் கட்டடக்கலைஞர் நேர்கோட்டில கீறினதும், சனாதனன்ர சொந்த ஓவியமும் கூட வருது. நேர்கோட்டுப் படம் அளவைச் சொல்லும். அந்தக் கைக்கோட்டிலதான், வளவின்ர எந்த மூலைக்கு வரேக்க கை தயங்கினது எண்டு தெரியும். அதை ஸ்மூதிங் 80 இல போட்டா என்ன மிஞ்சும்?

இனிப் பேனைப் பக்கம். அழுத்தினா கோடு மொத்தமாகேல்லை எண்டா, டேப்லெட்டைச் செருகிப்போட்டு அதுக்குப் பிறகு மென்பொருளைத் திற. இங்க்ஸ்கேப்பில இன்புட் டிவைசஸ் பக்கத்தில பேனையை "ஸ்கிரீன்" எண்ட நிலையில வச்சுச் சேமிக்கவேணும். 2020 இல வந்த 1.0 இல இருந்துதான் பென்சிலுக்கு அழுத்தம் விளங்கும். அதுக்கும் மேல்பட்டையில ஒரு பட்டன் இருக்கு, அமத்தினாத்தான் உண்டு. கிரிட்டாவில விண்டப், விண்டோஸ் இங்க் எண்டு ரெண்டு வழி. டிரைவரில எது இருக்கோ அதையே கிரிட்டாவிலயும் வை. பழைய டேப்லெட்டின்ர டிரைவரை அழிக்காமல் புதிசைப் போட்டா ரெண்டும் அடிபடும். பேனையை வச்ச இடத்தில ஒரு வளையம் சுத்தினா, அது விண்டோஸ் வலக்கிளிக்குக்குக் காத்திருக்கிறது. பேனை அமைப்பில அதை நிப்பாட்டு.

கோடு நடுங்கினா உடனே கையைக் குறை சொல்லாதை. லப்டொப் சார்ஜரைக் கழட்டிப்போட்டு ஒரு கோடு கீறிப் பார். நடுக்கம் நிண்டா கரண்டிலதான் பிழை. எங்கட வீடுகளில மூண்டு ஓட்டைச் சொக்கெற்றில எர்த் இல்லாத ரெண்டு முனைப் பிளக்கை எதையாவது குத்தித் திறந்து செருகுற பழக்கம் இருக்கே, அதின்ர கூலி இது. சித்திரை வெயிலில உள்ளங்கை வேர்வை டேப்லெட்டில ஒட்டி இழுபடும். பழைய பருத்திக் கையுறையில சின்னவிரலும் மோதிரவிரலும் மூடுற அளவுக்கு விட்டு மிச்சத்தை வெட்டிப் போடு, காசு குடுத்து வாங்கத் தேவையில்லை. தானாச் சேமிக்கிறதை ஐஞ்சு நிமிசத்துக்கு வை. 2022 இல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில படிச்ச பாடம் அது.

ஸ்டிக்கர் வெட்டக் குடுக்கிற படமெண்டா ஒவ்வொரு கோடும் தொடங்கின இடத்திலயே முடியவேணும். இங்க்ஸ்கேப்பில தொடங்கின இடத்துச் சதுரம் சிவக்கேக்க பேனையை எடு. கொஞ்சம் தள்ளி எடுத்தா திரையில தெரியாது, ஓட்டோவில ஒட்டேக்கதான் தெரியும்.

தங்கச்சியின்ர கார்ட் பன்னிரண்டே காலுக்குப் போயிட்டுது. விடியக் காலமை திருப்பியும் குரல்: கனடாவில இருக்கிற மாமா அதே நிறைகுடத்தை எட்டடி பேனருக்குக் கேக்கிறாராம், பெரிசாக்கினா கோடு தலைமயிர் மாதிரி நிக்குதாம். தெரிவு அம்பை எடுத்தா மேல்பட்டையில நாலு சின்னப் பட்டன் வரும், முதலாவதை அமத்திப்போட்டு இழு, கோட்டின்ர மொத்தமும் சேர்ந்து வளரும் எண்டன். "அப்ப நாலாவது மாவிலை கோணினதும் பெரிசாத் தெரியுமே அக்கா?" எண்டாள். தெரியும்தான்.